முசரவாக்கத்திலிருந்து பதில் இல்லை

கமலவேணி அக்கா காலையில் கூப்பிட்டால் அது நலம் விசாரிக்க அல்ல.

"கதிரு, மறுபடியும் சுத்திக்கினே இருக்குதுபா."

"எந்தப் பக்கம் அக்கா?"

"எல்லாப் பக்கமும்தான். கோயிலைச் சுத்தப் போனவங்க சுத்தி முடிச்சு, விபூதி வாங்கிக்கினு, வீட்டுக்கே போய்ச் சேந்துட்டாங்க. உன் வட்டம் மட்டும் நிக்க மாட்டேன்னுது."

"நேத்து சாயங்காலம் பாத்தேனே, நல்லாத்தானே ஓடுச்சு."

"உன் கம்ப்யூட்டர்ல ஓடுதுன்னா அதைத் தூக்கியாந்து இங்க வை. நாங்க எல்லாரும் அதுலயே பாத்துக்கறோம்."

பிள்ளையார்பாளையத்தில் சில நெசவு வீடுகள் சேர்ந்து நடத்தும் குழுவுக்கு அக்காதான் பொறுப்பாளர். எந்தத் தறியில் எந்தச் சேலை ஓடுகிறது, யாருக்கு என்ன நிறத்தில் பட்டு வேண்டும், எந்தக் கடைக்கு எந்த முகூர்த்தத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் ஒரு இணையதளத்தில் பார்க்கிறார்கள். நெசவாளர்கள் கைபேசியில் திறப்பார்கள். அக்கா அலுவலகக் கணினியில் திறப்பார். பக்கம் வரும்வரை திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தத் தளத்தை எழுதியவர்கள் இரண்டு பேர், நானும் ஆஸிமும்.

ஆஸிம் ஜரிகை வியாபாரி ஹயாத் பாஷாவின் மகன். பள்ளியில் என் பக்கத்து இருக்கை. தளம் ஓடத் தொடங்கிய சில காலத்தில் மனைவி பிள்ளைகளோடு மஸ்கட்டுக்குப் போய்விட்டான். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. முதலில் தினமும் பேசினோம். பிறகு விடுமுறை நாட்களில் பேசினோம். பிறகு பண்டிகைக்கு வாழ்த்துப் படங்கள் அனுப்பிக்கொண்டோம். நான் கடைசியாக அனுப்பிய செய்திக்குக் கீழே ஒற்றை டிக் அப்படியே நிற்கிறது.

"வெள்ளிக்கிழமை கூட்டம்," என்றார் அக்கா. "மெட்ராஸ்லேர்ந்து ஒரு கம்பெனிக்காரங்க வந்து அவங்க ஆப்பைக் காட்டப் போறாங்க. உனக்காக நான் பேசறேன். ஆனா எங்க, உன்னுதைத் திறந்து காட்டுன்னு கேட்டாங்கன்னா நான் இன்னா பண்றது, சொல்லு."

நான் சம்பளம் வாங்குவது பெங்களூர் நிறுவனம் ஒன்றில். என் மாடி அறையில் உட்கார்ந்தபடியே வேலை. உடன் வேலை செய்பவர்கள் யாரையும் நேரில் பார்த்ததில்லை. கூட்டங்களில் எல்லோரும் கேமராவை அணைத்து வைத்திருப்போம். பெற்றோர் என் கூடப்பிறந்த அக்கா வீட்டோடு செங்கல்பட்டுக்குப் போய்விட்டார்கள். இந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவருக்குக் காரணம் இருக்கிறதென்றால் அது இந்தத் தளம்தான். ஆஸிமும் நானும் சேர்ந்து செய்ததில் மிச்சம் இருப்பதும் இதுதான். வெள்ளிக்கிழமையோடு இரண்டும் போய்விடும்.

ஒரு தளம் மெதுவாக ஓடினால் அதற்குப் பலம் போதவில்லை என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சர்வரைப் பெரிய இயந்திரத்துக்கு மாற்றினேன். தேடுவது சுலபமாகட்டும் என்று தகவல் அட்டவணைகளுக்கு இண்டெக்ஸ் போட்டேன். தடித்த புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று அச்சிட்டிருப்பார்களே, அது போன்றது. அது இருந்தால் இயந்திரம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டியதில்லை.

மறுநாள் அக்கா கூப்பிட்டார். "பெருசா மாத்திட்டேன்னியே. வட்டம்தான் பெருசாச்சா?"

அதன் பிறகுதான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன். தளம் திணறிக்கொண்டிருந்த அதே நேரத்தில் சர்வரின் ப்ராசஸர் கிட்டத்தட்டச் சும்மா இருந்தது. இது மிக நல்ல துப்பு. மெதுவாக ஓடும் இயந்திரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் அதற்கு வேலை அதிகம். மெதுவாகவும் ஓடி, சும்மாவும் இருந்தால் அது எதற்காகவோ காத்திருக்கிறது. காத்திருப்பதற்குப் பலம் வேண்டாம். பெரிய இயந்திரமும் சின்ன இயந்திரமும் ஒரே மாதிரிதான் காத்திருக்கும்.

எதற்காக என்பதை ஊகிக்கக் கூடாது, அளக்க வேண்டும். அளக்கும் முறை எளிமையானது. ஒரு பக்கத்தைக் கேட்டு யாராவது வந்தால் வாசலில் மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஒவ்வோர் அறையைத் தாண்டும்போதும் குறிக்க வேண்டும். வெளியே போகும்போது ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தால் நேரம் எந்த அறையில் போயிற்று என்று தெரிந்துவிடும். இதற்கென்று சில வரிகளை எழுதித் தளத்தில் சேர்த்தேன். பெங்களூர்க்காரர்களிடம் ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் காலையிலிருந்து திரை முன்னால் உட்கார்ந்தேன்.

சேலைகளைத் தேடும் அறை, கடைகளின் அறை, பக்கத்தை அடுக்கித் தரும் அறை எல்லாமே கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டன. நேரம் முழுவதும் வாசலைத் தாண்டிய முதல் அடியில் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ஆஸிம் எழுதிய ஒரு சிறிய நிரல் இருந்தது. அதன் பெயர் 'மழை.'

அதை நான் மறந்தே போயிருந்தேன். பட்டு நூலைத் தறியில் ஏற்றுவதற்கு முன் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி பூசி, காய வைப்பார்கள். அந்த நூல்வரிசைதான் பாவு. விடியற்காலையில் வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. கஞ்சி காயாத பாவின் மேல் மழை விழுந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சாயமும் இறங்கும். நாங்கள் தளத்தை எழுதிக்கொண்டிருந்தபோது எங்கள் தெருவில் தணிகாசலம் வீட்டுப் பாவு அப்படி நனைந்தது. அந்த வீட்டார் மழையிலேயே நின்று இழை இழையாகப் பிரிக்கப் பார்த்ததை நானும் ஆஸிமும் ஜன்னலிலிருந்து பார்த்தோம்.

மேற்கிலிருந்து வரும் மழை முசரவாக்கத்தில் பெய்துவிட்டுத்தான் எங்களிடம் வரும். ஆஸிம் அங்கே வீடு கட்டியிருந்தான். அதன் மொட்டை மாடியில் மழைத்துளி பட்டால் அறியும் சிறிய மின்னணுப் பலகை ஒன்றை வைத்து, அதற்கு ஒரு சிம் கார்டும் போட்டான். "மழை வருதா இல்லையான்னு தெரியாம ஒருத்தரும் வேற எதையும் பாக்கக் கூடாதுடா," என்றான். அதனால் எங்கள் தளத்தில் யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சர்வர் முதலில் முசரவாக்கத்தைக் கூப்பிட்டு, 'அங்கே மழையா?' என்று கேட்கும். பதில் வந்த பிறகுதான் மற்றது. தெருவில் பாவு நனைந்ததைப் பார்த்த ஒருவன்தான் இப்படி எழுதுவான். படிக்கும்போது எனக்கும் அது சரியாகவே பட்டிருந்தது.

இப்போது அந்தப் பலகை பேசவில்லை. கடையில் ஒரு குமாஸ்தா, வாடிக்கையாளர் ஒவ்வொருவர் வரும்போதும் முசரவாக்கத்துக்கு ஃபோன் போட்டு, மணி அடித்து ஓயும்வரை காதில் வைத்துக்கொண்டே நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரில் இருப்பவரும் நிற்க வேண்டும். பின்னால் வந்தவர்களும் நிற்க வேண்டும். நான்கு குமாஸ்தாக்கள் இருந்து நான்கு பேர் காதிலும் ஃபோன் இருந்தால், கடை திறந்திருந்தும் மூடியதுதான். சர்வருக்குள்ளும் வேலையாட்கள் இப்படிக் குறைந்த எண்ணிக்கையில்தான் இருப்பார்கள்.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மறுபக்கத்து இயந்திரம் 'முடியாது' என்று சொல்லிவிட்டால் தாமதமே கிடையாது. சர்வர் அந்தக் கணமே அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். ஆமாம், இல்லை எதுவும் சொல்லாமல் இருப்பதுதான் நேரத்தைத் தின்னும். போன கேள்வி வழியில் தொலைந்ததா, பதில் இப்போது புறப்பட்டிருக்கிறதா என்று கேட்டவருக்குத் தெரியாது. அதனால் நிற்பார்.

அந்த ஒரு நிரலை நீக்கினால் போதும். அக்கா கேட்டதும் அவ்வளவுதான். நீக்கப் போன கை நின்றது, ஏனென்றால் மாலையில் முசரவாக்கம் பேசத் தொடங்கியது.

பொழுது சாய்ந்ததும் பதில்கள் வந்தன. 'மழை இல்லை. மழை இல்லை.' நான் வழக்கமாகப் பெங்களூர் வேலை முடிந்து மாலையில்தான் தளத்தைத் திறந்து பார்ப்பேன். எனக்கு எப்போதும் வேகமாக ஓடியதன் காரணம் புரிந்தது. சர்வரின் பழைய குறிப்புகளை எடுத்து ஒரு வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். வெகுநாள் இரவும் பகலும் பேசிக்கொண்டிருந்த பலகை, சென்ற மாதத்திலிருந்து பகலில் ஊமையாகிவிட்டது. பொழுது சாயும்போது விழிக்கிறது. சில நாள் சீக்கிரம் அடங்குகிறது. வெள்ளிக்கிழமைகளில் வெகுநேரம் விழித்திருக்கிறது. பழுதான பொருளுக்கு வெள்ளிக்கிழமை தெரியாது. யாரோ கையால் போட்டு, கையால் அணைக்கிறார்கள்.

அந்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவன் ஆஸிம். அவன் வந்துவிட்டான். வந்து ஒரு மாதமாகியும் எனக்குச் சொல்லவில்லை.

அப்படித்தான் நினைத்தேன். வியாழன் மாலை வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் அவனிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். கோபமாக இரண்டு வாக்கியம் தயாராக இருந்தது. தெருமுனை திரும்பியதும் அந்த மொட்டை மாடியில் ஒரு விளக்கு எரிவது தெரிந்தது. விளக்கடியில் யாரோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆஸிம்," என்று கீழிருந்து கூப்பிட்டேன்.

கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது. "அவன் இல்லபா. அவனைப் பெத்தவன். நீ கதிரு இல்ல? குரலே சொல்லுது. மேல வா, கதவு சும்மாதான் சாத்தியிருக்குது."

ஹயாத் பாஷாவை ஆஸிமின் பெரியப்பா பிள்ளைகள் 'சாச்சா' என்று கூப்பிடுவதைக் கேட்டு நானும் சிறுவயதிலிருந்தே அப்படிக் கூப்பிடுவேன். மனைவி காலமான பிறகு, டவுனில் இருந்த வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது என்றார். வீடு சும்மா பூட்டிக் கிடக்கிறதே என்று ஆஸிம்தான் சொன்னானாம்.

"அவன் பேசறானா சாச்சா?"

"வெள்ளிக்கிழமை பேசறேன்னு சொல்லியிருக்கான். பேசுவான். போன வாரம் ஏதோ டூட்டி. அதுக்கு முந்தின வாரமும் டூட்டி." கையிலிருந்த கைபேசியைத் துடைத்தார். "கீழ டவர் எடுக்க மாட்டேன்னுதுபா. மேல வந்தாத்தான் எடுக்குது. அதான் பொழுதோட வந்து உக்காந்துக்கறேன். கூப்பிடும்போது டவர் இல்லன்னா அப்பன் எங்கியோ சுத்தப் போயிட்டான்னு நெனச்சுக்குவான் பாரு." பிறகு என்னைக் கேட்டார்: "உன்கிட்ட பேசறானா?"

"இல்ல சாச்சா. நம்பர் மாத்திட்டான் போல."

"மாத்தினானே. உனக்குக் குடுக்கலயா? கழுதை. தரட்டா?"

"அவனே தரட்டும் சாச்சா."

அவர் வற்புறுத்தவில்லை.

நான் பலகையைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் மேல், ஆஸிம் ஆணி அடித்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் போகும் கம்பியைத் தொடர்ந்து போனால் படிக்கட்டின் மேல் ஒரே ஒரு ஸ்விட்ச். அதே ஸ்விட்சில்தான் இப்போது விளக்கும் எரிந்தது. முன்பு அங்கே பல்பு கிடையாது. அதனால் ஸ்விட்ச் எப்போதும் போட்டபடியே இருந்திருக்கிறது.

"அதுமேல ப்ளாஸ்திரி ஒட்டித் தொடாதேன்னு எழுதி வெச்சிருந்தான்," என்றார் சாச்சா. "எழுதிட்டு அவன் போயிட்டான். நான் எத்தினி நாள் இருட்டுல உக்காந்துக்கினு இருப்பேன்? ஒரு பல்பு மாட்டினேன். இன்னா, கெடுத்துட்டேனா?"

கெடுக்கவில்லை என்று சொல்லி, அந்தப் பலகை என்ன செய்கிறது, பிள்ளையார்பாளையத்தில் ஏன் வட்டம் சுற்றுகிறது என்று முதலிலிருந்து விளக்கினேன். எனக்கு இப்படி விளக்கப் பிடிக்கும். கேட்பவர் கிடைப்பதுதான் அபூர்வம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப நான் லைட்டை அணைச்சா அங்க ஊரே நிக்குது."

"ஆமா சாச்சா."

"பெரிய ஆளுதான் நான்," என்று சிரித்தார்.

தளத்தை நான் சரிசெய்துவிடுவேன் என்றேன். இனிமேல் பக்கம் கேட்டு வருபவர்களை நிறுத்தி வைத்துவிட்டு முசரவாக்கத்தைக் கூப்பிட வேண்டாம். அதற்கென்று தனியாக ஒரு ஆளை உட்கார வைத்துவிடலாம். அவர் அவ்வப்போது கூப்பிட்டு, கிடைத்த பதிலைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். பதில் வராவிட்டால் வரவில்லை என்று எழுதுவார். மற்றவர்கள் போகிற போக்கில் அதைப் பார்த்துக்கொள்ளலாம். கேட்பது நிற்காது, ஆனால் கேட்பதற்காக யாரும் நிற்க வேண்டியதில்லை.

"இன்னொரு சின்ன வேலை இருக்கு," என்றேன். "விளக்குக்கும் பலகைக்கும் தனித்தனி ஸ்விட்ச் போட்டுடலாம். எலக்ட்ரீஷியனை நான் கூட்டியாறேன்."

அவர் தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்தார். "இப்ப நான் லைட்டைப் போட்டா அங்க உனக்குத் தெரியுதுன்னியே."

"தெரியுது."

"தனியா போட்டுட்டா?"

"எப்பவும் பதில் வந்துக்கினே இருக்கும். நீங்க மேல இருக்கீங்களா இல்லையான்னு தெரியாது."

"அப்ப வேணாம் பேட்டா. அப்படியே இருக்கட்டும்." கைபேசியை மறு கைக்கு மாற்றினார். "பாவு விடியக்காலைலதானே விரிக்கறாங்க? நான் பஜ்ர் தொழுகைக்கு எழுந்திருப்பேன். எழுந்ததும் இதைப் போட்டுடறேன். வெயில் வந்தப்பறம் அணைக்கறேன். போதுமில்ல?"

ஊரின் பாவுக்கான எச்சரிக்கை ஒரு முதியவரின் கை ஸ்விட்சைத் தொடுவதை நம்பி இருக்கக் கூடாது. எந்தப் பொறியாளரும் இதற்குச் சம்மதிக்க மாட்டார். போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலையை முடித்துத் தளத்தில் ஏற்றினேன். பக்கங்கள் தொட்டவுடன் திறந்தன. மேல் மூலையில் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். முசரவாக்கம் பதில் சொன்னால் பச்சை, மழையென்றால் நீலம், பேசாவிட்டால் சாம்பல். மாலை ஆகியும் அக்காவிடமிருந்து எதுவும் வராததால் நானே கூப்பிட்டேன்.

"கூட்டம் எப்படி அக்கா?"

"அந்தக் கம்பெனிக்காரங்களை டீ குடுத்து அனுப்பிட்டோம். இருக்கறதே நல்லா ஓடுதுன்னுட்டாங்க எல்லாரும்."

"என்னைப் பத்தி ஏதாச்சும் பேச்சு வந்துச்சா?"

"உன் பேச்சே வரலபா. நல்லா ஓடினா யாரு பேசறாங்க? வைக்கட்டா, கடைக்காரர் வந்திருக்காரு."

அதற்குப் பிறகு அக்கா கூப்பிடவில்லை. கூப்பிட அவசியம் இல்லை. அந்த வாரமும் அடுத்த வாரமும் என் கைபேசி ஓசையின்றிக் கிடந்தது. விடியற்காலையில் தெருவில் பாவு கட்டுபவர்களின் பேச்சுக்குரல் கேட்டு எழுந்திருப்பேன். படுத்தபடியே தளத்தைத் திறந்து மூலையைப் பார்ப்பேன். புள்ளி பச்சையாக இருக்கும். சாச்சா எழுந்துவிட்டார். மாலையில் மறுபடியும் பச்சை. சாச்சா மேலே போய் உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் அது வெகுநேரம் பச்சையாகவே இருந்தது. ஆஸிம் கூப்பிட்டானா இல்லையா என்பதைச் சொல்ல அந்தப் பலகைக்குத் தெரியாது.

ஒருநாள் விடியலில் புள்ளி சாம்பலாக இருந்தது.

பக்கம் உடனே திறந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் திறந்திருக்கும். யாரும் காத்திருக்கவில்லை, அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். தொழுகை நேரம் தாண்டி, தெருவில் வெளுத்துக்கொண்டு வந்தது. புள்ளி மாறவில்லை. சாச்சாவின் எண்ணுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது குரல். மறுபடி அடித்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். தெருவில் முழு நீளத்துக்கும் பாவு கட்டியிருந்ததால் வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் போக முடிந்தது.

"இந்நேரத்துல எங்கபா?" என்றார் கஞ்சி பூசிக்கொண்டிருந்த தணிகாசலம்.

"இதோ வந்துடறேன்," என்றேன்.

முசரவாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாலை நனைந்திருந்தது. ஊருக்குள் நுழையும்போது மழை கொட்டியது. தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை. சாச்சா வாசற்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"கரண்ட் போயிடுச்சுபா. ஸ்விட்சப் போட்டேன், போட்டு அணைச்சு மறுபடியும் போட்டேன். நீ அங்க பாத்துக்கினு இருப்பியேன்னு நெனச்சேன். மேல போய்ச் சொல்லலாம்னா மழை."

நான் படியேறினேன். மொட்டை மாடியில் டவர் கிடைத்ததும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, மழை வருது. பாவையெல்லாம் சுருட்டச் சொல்லுங்க."

"இங்க வானம் நல்லாத்தானே இருக்குது. உன்னோடதுல ஒண்ணும் காட்டலியேபா."

"நான் முசரவாக்கத்துல நனைஞ்சுக்கினு நிக்கறேன் அக்கா."

"அப்ப சரி." ஃபோனை வைக்காமலே தெருவைப் பார்த்து அவர் சத்தம் போடுவது கேட்டது. ஓடும் காலடிகளும், யாரோ யாரையோ திட்டுவதும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தார். "சுருட்டிக்கினு இருக்காங்க. ஆமா, நீ ஏன்பா அங்க போனே?"

"பதில் வரல, அதான்," என்றேன்.

கீழே இறங்கி வந்தபோது சாச்சா கேஸ் அடுப்பில் டீ போட்டிருந்தார். எனக்குத் தலை துவட்ட ஒரு துண்டு கொடுத்தார். மழை கொஞ்சம் தணிந்ததும், டவர் எடுக்கும் மேல்படியில் இருவரும் உட்கார்ந்தோம். அவருடைய கைபேசி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை.

"மழை விட்டா கரண்ட் வந்துடும்," என்றார். "வந்தா அங்க பச்சை காட்டும் இல்ல?"

"காட்டும் சாச்சா."

"யாருக்குக் காட்டும்? அதைப் பாக்கறவன் நீ இங்கதானே உக்காந்துக்கினு இருக்கே."